பருவம் தவறும் பசு: தேதிக் குறிப்பே வழிகாட்டி

கறவை மாடு வைத்திருப்பவரின் வருமானம் பால் குவளையில் தொடங்குவதில்லை. மாடு உரிய காலத்தில் சினை பிடிப்பதில் தொடங்குகிறது. சினை நின்றால்தான் கன்று. கன்று ஈன்றால்தான் பால். சினை நிற்க வேண்டுமானால் மாடு பருவத்துக்கு வரும் நேரத்தை அறிந்து கருவூட்ட வேண்டும். 21 நாட்களுக்கு ஒரு முறை தவறாமல் கத்தும் மாட்டில் இது எளிது. ஒரு முறை 21 நாளிலும், மறுமுறை 40 நாளிலும், பிறகு 12 நாளிலும் பருவம் காட்டும் மாட்டில்தான் வளர்ப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள். "இந்த மாட்டுக்குக் கணக்கே இல்லை" என்று கைவிட்டும் விடுகிறார்கள். உண்மையில் அந்தத் தவறிய கணக்கிலேயே மாட்டின் குறை என்ன என்பது எழுதியிருக்கிறது. தேதிகளைக் குறித்து வைத்திருப்பவர் அதைப் படித்துவிடலாம்.

ஒரு பருவம் தவறினால் எவ்வளவு நட்டம்?

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். ஆண்டுக்கு ஒரு கன்று வேண்டுமானால், 365 நாட்களில் மிச்சமிருப்பது 85 நாட்கள்தான். கன்று ஈன்ற பின் கருப்பை பழைய நிலைக்குச் சுருங்க 40 முதல் 45 நாட்கள் ஆகும். ஆகவே 60 நாட்கள் கழித்தே கருவூட்ட வேண்டும் என்பது பொது விதி. 60-ஆம் நாளுக்கும் 85-ஆம் நாளுக்கும் நடுவே கிடைப்பது ஒரே ஒரு பருவம். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் 21 நாட்கள் போயின. மூன்று பருவங்களை விட்டால் 63 நாட்கள், அதாவது இரண்டு மாதத் தீனி பலனின்றிப் போகிறது. இப்படியே ஓராண்டு ஓடிவிட்டால் பால் வற்றி, சினையும் இல்லாமல், அந்த மாடு கறிக்கு விலை பேசப்படும் நிலைக்கு வந்துவிடுகிறது. பெரும்பாலும் குறை மாட்டிடம் இருப்பதில்லை. பருவத்தைக் காணத் தவறியதில்தான் இருக்கிறது.

தண்டையார்பேட்டை காட்டும் பாடம்

வடசென்னையில் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், ரயில் தண்டவாளங்கள், கண்டெய்னர் லாரிகள் இவற்றுக்கு நடுவே அமைந்த பகுதி தண்டையார்பேட்டை. இங்கும், பக்கத்திலுள்ள கொருக்குப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளிலும் வீட்டோரத்தில் ஒன்றிரண்டு பசுக்களைக் கட்டிப் பால் கறந்து பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மேய்ச்சல் நிலம் கிடையாது. பொலிகாளை கிடையாது. சிமெண்டுத் தரையும் குட்டையான கயிறும்தான். தெருவில் அவிழ்த்து விட்டால் போக்குவரத்து நெரிசல். மாநகராட்சி பிடித்துப்போய் அபராதமும் விதிக்கும்.

மந்தையில் மேயும் பசு பருவத்துக்கு வந்தால் மற்ற மாடுகள் அதன்மேல் தாவும்; அதுவும் நின்று கொடுக்கும். பருவத்தின் மிக உறுதியான அடையாளம் இதுதான். ஒற்றையாகக் கட்டப்பட்ட பசுவுக்குத் தாவவும் துணையில்லை, தாவப்படவும் வழியில்லை. வழுக்கும் சிமெண்டுத் தரையில் மாடுகள் தாவத் தயங்கும். இரைச்சல் மிகுந்த தெருவில் இரவுக் கத்தலும் காதில் விழாது. வளர்ப்பவர் விடியற்காலை கறவைக்கும், பிற்பகல் கறவைக்கும்தான் மாட்டருகே வருகிறார். நடுவே பருவம் வந்து போனது அவருக்குத் தெரிவதில்லை.

இது பட்டணத்தோடு நின்றுவிட்ட தொல்லை அல்ல. மேய்ச்சல் தரை சுருங்கிய கிராமங்களிலும் இன்று ஒரு மாடு, இரண்டு மாடு என்று கொட்டிலிலேயே கட்டித் தீனி போடுவது பெருகிவிட்டது. பொலிகாளையும் குறைந்துவிட்டது. ஆகவே தண்டையார்பேட்டைச் சந்தில் கட்டியிருக்கும் பசுவுக்கு உதவும் முறை, ஊர்க்கோடியில் தனியாகக் கட்டியிருக்கும் பசுவுக்கும் உதவும்.

மாட்டின் உடலில் நடப்பது என்ன?

பசுவின் வயிற்றில் கருப்பையின் இரு கொம்புகளை ஒட்டி இரண்டு சினைப்பைகள் உள்ளன. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சினைப்பையில் நீர்க்கொப்புளம் போன்ற கருமுட்டைப்பை வளர்கிறது. அது முதிரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்புநீர்தான் மாட்டைக் கத்தவும், அமைதியிழக்கவும், வழும்பு ஒழுகவும் செய்கிறது. பிறகு கொப்புளம் வெடித்துக் கருமுட்டை வெளிவருகிறது. வெடித்த இடத்தில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று உண்டாகி, புரோஜெஸ்டிரோன் என்ற வேறொரு சுரப்புநீரைச் சுரக்கும். இது இருக்கும் வரை அடுத்த பருவம் வராது. சினை பிடிக்கவில்லையென்றால் ஏறக்குறைய 17-ஆம் நாளில் கருப்பையே அந்த மஞ்சள் கட்டியைக் கரைத்துவிடும். அடுத்த சுற்று தொடங்கும்.

இந்தச் சுற்று சராசரியாக 21 நாட்கள். 18 நாள் முதல் 24 நாள் வரை எது வந்தாலும் இயல்பே. பருவ அறிகுறிகள் 12 முதல் 18 மணி நேரம் நீடிக்கும். கோடை வெயிலில் இது இன்னும் குறுகிவிடும். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது: அறிகுறிகள் இருக்கும்போது கருமுட்டை வெளிவருவதில்லை, அவை அடங்கி 10 முதல் 14 மணி நேரம் கழித்தே வெளிவருகிறது. வெளிவந்த கருமுட்டை சில மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும். ஆகவே தேதி மட்டும் தெரிந்தால் போதாது. நேரமும் தெரிய வேண்டும்.

கட்டுத்தறி மாட்டில் பருவத்தைக் காண்பது

காளையும் துணை மாடும் இல்லாத இடத்தில் வளர்ப்பவரின் கண்ணே காளை. விடியற்காலை கறவைக்கு முன், நண்பகல், இரவு படுக்கப் போகும் முன் என மூன்று வேளை, வேளைக்கு 15 முதல் 20 நிமிடம், மாட்டைச் சும்மா நின்று பார்க்க வேண்டும். தீனி தின்னும்போதும் கறவையின்போதும் பார்ப்பது கணக்கில் சேராது. அப்போது அறிகுறிகள் மறைந்துவிடும். பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் தொடங்குவதால் அந்த இரு வேளைகளும் மிக முக்கியம்.

கவனிக்க வேண்டியவை இவை:

1. கண்ணாடி போன்ற தெளிந்த வழும்பு அறையிலிருந்து கயிறு போலத் தொங்கும். மாடு படுத்திருக்கும்போது பின்புறத் தரையில் தேங்கியிருக்கும். வாலிலும் பின்தொடையிலும் காய்ந்து பளபளப்பாக ஒட்டியிருக்கும். கட்டியிருக்கும் மாட்டில் நம்பத்தகுந்த அடையாளம் இதுவே. ஆகவே தரையைக் கழுவுமுன் பார்த்துவிட வேண்டும்.

2. அறையின் உதடுகள் தடித்து, சுருக்கம் நீங்கி, உட்புறம் சிவந்து ஈரமாக இருக்கும்.

3. நோய் எதுவும் இல்லாமல் அன்றைய பால் திடீரென்று குறையும். பாலை அளந்து எழுதுகிறவருக்கு இது உடனே தெரியும்.

4. தீனியில் நாட்டம் குறையும், அசை போடுவது குறையும், காதை நிமிர்த்தி அங்குமிங்கும் பார்க்கும், கத்தும்.

5. அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும். வாலைத் தூக்கி ஒருபுறம் ஒதுக்கும்.

6. இடுப்பில் கையை வைத்து அழுத்தினால் விலகாமல் முதுகை வளைத்து நிற்கும்.

பக்கத்து வீட்டில் பசு இருந்தால், காலையில் இரண்டையும் கால் மணி நேரம் மண் தரையில் ஒன்றாக நடத்திப் பார்ப்பது மிக நல்லது. ஒன்றன்மேல் ஒன்று தாவினால், தாவிய மாட்டைவிட, நகராமல் நின்று கொடுத்த மாட்டையே பருவத்தில் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

பருவம் முடிந்து இரண்டொரு நாளில் சில பசுக்களுக்கும், குறிப்பாகக் கிடேரிகளுக்கும், வழும்பில் இரத்தம் கலந்து வரும். இது நோயல்ல, சினை பிடித்தது என்பதற்கோ பிடிக்கவில்லை என்பதற்கோ அடையாளமும் அல்ல. பருவம் வந்து போய்விட்டது என்பதே இதன் பொருள். அன்று கருவூட்டுவது வீண். ஆனால் அந்தத் தேதி பொன்னானது. இரத்தம் கண்ட நாளிலிருந்து 16-ஆம் நாள் முதல் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கலாம்.

எருமை வளர்ப்பவர்களுக்கு

எருமையின் பருவச் சுற்றும் 21 நாட்கள்தான். ஆனால் அது சத்தமில்லாமல் பருவத்துக்கு வரும். இதை ஊமைப் பருவம் என்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று தாவுவது அரிது. வழும்பும் பசுவைப்போல நீளமாகத் தொங்காது. படுக்கும்போது சிறிதளவு வெளிப்படும். அடிக்கடி சிறுநீர் கழிப்பது, காம்புகள் விறைப்பது, கறவையில் பால் இறங்காமல் நிற்பது, இரவில் கத்துவது ஆகியவற்றைக் கொண்டுதான் அறிய வேண்டும். கோடையில் பல எருமைகள் பருவத்துக்கே வருவதில்லை. மழைக்காலம் தொடங்கி மாசி வரை நன்றாக வரும். பகல் வெயிலில் இரண்டு மூன்று முறை தண்ணீர் தெளிப்பதும், குட்டை இருந்தால் படுக்க விடுவதும் கோடைக்கால மந்தத்தைக் குறைக்கும். எருமையின் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாட்கள் என்பதால், ஆண்டுக்கொரு கன்று என்ற கணக்கு எருமைக்குப் பொருந்தாது. 13, 14 மாதத்துக்கு ஒரு கன்று கிடைத்தாலே நன்று.

குறிப்பேடு எழுதுவது எப்படி?

பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். கொட்டில் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் போதும். கைப்பேசி வைத்திருப்பவர்கள் அதில் 18-ஆம் நாளுக்கு நினைவூட்டல் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கன்று ஈன்ற தேதி, நஞ்சுக்கொடி விழுந்த நேரம், பருவம் கண்ட தேதியும் நேரமும், வழும்பின் நிறம், இரத்தம் கண்ட தேதி, கருவூட்டிய தேதியும் நேரமும், அன்றைய பால் அளவு ஆகியவற்றை எழுத வேண்டும். கருவூட்டல் செய்யாத பருவத்தையும் எழுத வேண்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: ஒரு பசு ஜனவரி 5-ஆம் தேதி பருவம் காட்டியது, பிறகு ஜனவரி 26, அதன்பின் மார்ச் 9, பிறகு மார்ச் 30. முதல் இடைவெளி 21 நாள். இரண்டாவது 42 நாள். மூன்றாவது 21 நாள். நினைவை மட்டும் நம்புகிறவர் "ஒழுங்கில்லாத மாடு" என்பார். எழுதி வைத்தவரோ 42 என்பது இரண்டு 21 என்று கண்டுகொள்வார். பிப்ரவரி 16-ஆம் தேதி வாக்கில் ஒரு பருவம் வந்திருக்கிறது. அதைப் பார்க்கத் தவறிவிட்டோம் என்று தெரிந்துகொள்வார். இந்த மாட்டுக்கு மருந்து தேவையில்லை, கவனிப்புத்தான் தேவை.

இடைவெளி சொல்லும் செய்தி

18 முதல் 24 நாள்: சுற்று ஒழுங்காக இருக்கிறது. கருவூட்டிய பின்னும் இதே இடைவெளியில் திரும்பக் கத்தினால் சினை நிற்கவில்லை என்று பொருள். மூன்று முறைக்கு மேல் இப்படித் திரும்பினால் நான்காம் முறை ஊசி போடுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

36 முதல் 48 நாள்: நடுவில் ஒரு பருவம் கவனிக்கப்படவில்லை. பெரும்பாலான "ஒழுங்கற்ற" மாடுகள் இந்த வகையே. கருவூட்டிய மாடாக இருந்தால், பிடித்த கரு கலைந்திருக்கவும் கூடும்.

25 முதல் 35 நாள்: கருவூட்டிய மாடாக இருந்தால் கரு பிடித்துச் சில நாட்களில் அழிந்திருக்கலாம். கருப்பையில் நோய்த்தொற்று, கடும் வெயில், தீனிக் குறைவு இவை காரணமாகலாம். கருவூட்டாத மாடு என்றால், இரு தேதிகளில் ஒன்றைத் தவறாகக் கணித்திருக்கவும் கூடும்.

17 நாளுக்குக் குறைவு: கன்று ஈன்ற பின் வரும் முதல் சுற்று 8 முதல் 12 நாளிலேயே முடிவது இயற்கை, கவலை வேண்டாம். மற்ற நேரங்களில் இப்படி வந்தாலும், மாடு நாட்கணக்கில் ஓயாமல் பருவ அறிகுறி காட்டினாலும், சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கலாம். கொப்புளம் வெடிக்காமல் பெருத்து நிற்பதே நீர்க்கட்டி. இதற்கு மருத்துவரின் சிகிச்சை வேண்டும்.

பருவமே இல்லை: முதலில் மாடு சினையா என்று சோதிக்க வேண்டும். சினை மாட்டைச் "சினை நிற்காத மாடு" என்று நினைத்து மருந்து கொடுத்துக் கருவைக் கலைத்துக்கொண்டவர்கள் உண்டு. சினை இல்லையென்றால், சினைப்பைகள் வேலை செய்யவில்லையா, அல்லது ஊமைப் பருவமா என்று மருத்துவர் கையால் சோதித்துச் சொல்வார்.

சினையான பசுக்களிலும் சில, நடுவே ஓரிரு முறை பருவ அறிகுறி காட்டுவதுண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முன்பு கருவூட்டிய தேதியைச் சொல்லாமல் மறுபடி ஊசி போட வைத்தால், வளரும் கருவுக்குக் கேடு வரும்.

கருவூட்ட வேண்டிய நேரம்

நம் நாட்டில் முதன்முதலாகச் செயற்கை முறைக் கருவூட்டல் 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பவரால் செய்யப்பட்டது. அதே காலத்தையொட்டி அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நடந்த ஆராய்ச்சிகளிலிருந்து வந்த எளிய விதி இன்றும் பயன்படுகிறது. காலையில் பருவம் கண்டால் அன்று மாலை கருவூட்ட வேண்டும். மாலையில் கண்டால் மறுநாள் காலை கருவூட்ட வேண்டும்.

காரணம் எளிது. இரவு 2 மணிக்குத் தொடங்கிய பருவத்தை வளர்ப்பவர் காலை 6 மணிக்குக் காண்கிறார். அறிகுறிகள் அன்று மாலை 6 மணி வாக்கில் அடங்கும். கருமுட்டை மறுநாள் விடியலில் வெளிவரும். மாலையில் செலுத்திய விந்தணுக்கள் கருப்பைக்குள் சென்று பக்குவப்பட 6 முதல் 8 மணி நேரம் ஆகும்; ஏறக்குறைய ஒரு நாள் உயிருடன் இருக்கும். கருமுட்டை வரும்போது அவை தயாராகக் காத்திருக்கும். கண்டவுடன் ஓடிப்போய் ஊசி போட்டால், கருமுட்டை வருமுன் விந்தணுக்கள் வலுவிழந்துவிடும். மறுநாள் மாலை போட்டால் கருமுட்டை கெட்டிருக்கும்.

முதல் கருவூட்டலுக்குப் பின்னும் 24 மணி நேரம் அறிகுறி நீடித்தால் இரண்டாம் முறையும் கருவூட்டச் சொல்லலாம். வழும்பு கலங்கியோ, சீழ் போலவோ, நாற்றத்துடனோ இருந்தால் அந்தப் பருவத்தில் கருவூட்டக் கூடாது. முதலில் கருப்பை நோய்க்குச் சிகிச்சை செய்து, அடுத்த பருவத்துக்குக் காத்திருக்க வேண்டும். ஒழுங்கற்ற மாட்டுக்கு "21 நாள் ஆயிற்று" என்ற கணக்கை மட்டும் நம்பி ஊசி போடுவதும் தவறு. நாட்காட்டி எப்போது கவனிக்க வேண்டும் என்று சொல்லும். எப்போது கருவூட்ட வேண்டும் என்று மாடுதான் சொல்லும். 17-ஆம் நாள் முதல் 25-ஆம் நாள் வரை மூன்று வேளைக் கவனிப்பைக் கூட்ட வேண்டும். அதன்பின்னும் கவனிப்பை நிறுத்தக் கூடாது.

தீனியும் பருவமும்

கவனிப்பில் குறையில்லை, ஆனாலும் பருவம் வரவில்லை என்றால் தீனியைப் பார்க்க வேண்டும். மாட்டின் உடல் முதலில் உயிரைக் காக்கும். பிறகு பால் தரும். கடைசியாகத்தான் அடுத்த கன்றுக்கு இடம் கொடுக்கும். விலா எலும்புகள் எண்ணும்படி மெலிந்த மாடு பருவத்துக்கு வராததில் வியப்பில்லை.

வைக்கோல் வயிற்றை நிரப்பும். புரதமும் மணிச்சத்தும் அதில் மிகக் குறைவு. பட்டண மாடுகளுக்குப் பெரும்பாலும் வைக்கோலும் தவிடும், சோறு, கஞ்சி, காய்கறிக் கழிவுகளுமே தீனி. சோற்றை அளவுக்கு மீறிப் போட்டால் வயிறு புளித்துச் செரிமானம் கெடும். குப்பைத் தொட்டியில் மேயும் மாட்டின் கதி இன்னும் மோசம். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். வயிற்றை இப்படிக் குப்பை அடைத்துக்கொண்ட மாடு தீனியே எடுக்காது. பிறகு பருவம் எங்கிருந்து வரும்?

நாளொன்றுக்கு 15 முதல் 20 கிலோ பசுந்தீவனம் கொடுக்க முடிந்தால் நல்லது. கால் ஏக்கர் பாசன நிலம் உள்ளவர்கள் கம்பு நேப்பியர் புல் போடலாம். வரப்பில் அகத்தியும் வேலிமசாலும் வைக்கலாம். இடமில்லாத பட்டணத்தார், பிளாஸ்டிக் பைகளும் நூலும் நீக்கிய காலிஃபிளவர் இலை, மக்காச்சோள மட்டை போன்ற அங்காடிக் கழிவுகளை வைக்கோலுடன் கலந்து கொடுக்கலாம். கலப்புத் தீவனத்தோடு தாதுஉப்புக் கலவை நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் சேர்ப்பது பருவத்துக்கு வராத மாட்டுக்கு மிக அவசியம். சுண்ணாம்பு, மணிச்சத்து, தாமிரம், துத்தநாகம், கோபால்ட் ஆகியவை குறைந்தால் சுற்று தடுமாறும். மருத்துவர் யோசனைப்படி குடற்புழு நீக்க மருந்தும் கொடுக்க வேண்டும். தீனியை மாற்றியவுடன் பலன் தெரியாது. இரண்டு மாதமாவது பொறுக்க வேண்டும்.

மருத்துவர் செய்யக்கூடியவை

குறிப்பேட்டுடன் வருகிறவரின் மாட்டுக்கு மருத்துவர் விரைவில் வழி காண்பார். ஆசனவாய் வழியாகக் கையை விட்டுச் சினைப்பைகளைத் தொட்டுப் பார்த்து, மஞ்சள் கட்டி இருக்கிறதா, நீர்க்கட்டியா, வெறும் சினைப்பையா என்று அறிவார். தேவையானால் பத்து நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்.

மஞ்சள் கட்டி இருந்தும் பருவம் தெரியாத மாட்டுக்கு அதைக் கரைக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால், பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாட்களுக்குள் பருவம் வரும். இந்த ஊசி சினை மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். ஆகவே சினைப் பரிசோதனை செய்யாமல், பிறர் பேச்சைக் கேட்டுக் கடையில் வாங்கிப் போடவே கூடாது. கருவுற்ற பெண்கள் இந்த மருந்தைக் கையால் தொடவும் கூடாது.

பருவம் காண்பதே கடினமான மாடுகளுக்கு, 1995-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. முதல் நாள் கருமுட்டையை வெளியேற்றும் ஊசி. ஏழு நாள் கழித்து மஞ்சள் கட்டியைக் கரைக்கும் ஊசி. மேலும் இரண்டு நாள் கழித்து முதலில் போட்ட அதே ஊசி. அதிலிருந்து 16 முதல் 20 மணி நேரத்தில் கருவூட்டல். இதில் பருவ அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மெலிந்த மாட்டில், தீனியைச் சரிசெய்யாமல், எந்த ஊசியும் பெரிய பலன் தராது.

திரும்பத் திரும்பக் கத்தும் மாட்டுக்குக் கைவைத்தியமாகத் தேசிய பால்வள வாரியம் பரப்பிவரும் முறை ஒன்றும் உண்டு. பருவம் கண்ட முதல் அல்லது இரண்டாம் நாள் தொடங்கி, நாளுக்கு ஒரு வெள்ளை முள்ளங்கி வீதம் 5 நாள்; சோற்றுக்கற்றாழை ஒரு மடல் வீதம் 4 நாள்; முருங்கைக் கீரை நான்கு கைப்பிடி வீதம் 4 நாள்; பிரண்டை நான்கு கைப்பிடி வீதம் 4 நாள்; மஞ்சள் சேர்த்த கறிவேப்பிலை நான்கு கைப்பிடி வீதம் 4 நாள். இவற்றை வெல்லமும் உப்பும் சேர்த்து வாய்வழியே கொடுக்க வேண்டும். மொத்தம் 21 நாட்கள்; முடியும்போது அடுத்த பருவம் வரும் நேரமாகியிருக்கும். செலவு குறைவு. ஆனால் சீழ் வடியும் மாட்டுக்கும், நீர்க்கட்டி உள்ள மாட்டுக்கும் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட இது சாக்காகக் கூடாது.

எப்போது யாரிடம் செல்வது?

கன்று ஈன்று 60 நாட்களாகியும் பருவம் காட்டாத பசு, மூன்று முறைக்கு மேல் கருவூட்டியும் சினை நிற்காத பசு, கலங்கிய வழும்பு வடியும் பசு, நாட்கணக்கில் ஓயாமல் கத்தும் பசு ஆகிய நான்கையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். கருவூட்டிய எல்லா மாடுகளையும் 60 நாட்கள் கழித்துச் சினைப் பரிசோதனை செய்வது நலம். "கத்தவில்லை, ஆகவே சினை" என்று நம்பி ஐந்தாறு மாதம் காத்திருந்து ஏமாறுவதை இது தடுக்கும்.

வடசென்னையில் உள்ளவர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருக்கின்றன. மற்ற ஊர்களில் உள்ளவர்கள் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, பால் கூட்டுறவுச் சங்கத்தின் கருவூட்டல் பணியாளரையோ அணுகலாம். எங்கே சென்றாலும் மாட்டோடு குறிப்பேட்டையும் கொண்டு செல்ல வேண்டும். ஆறு மாதத் தேதிகள் ஒழுங்காக எழுதிய ஒரு பக்கம், மருத்துவருக்கு அரை மணி நேர விசாரிப்பை மிச்சப்படுத்தும். மாட்டுக்காரருக்கு இரண்டு மூன்று பருவங்களை மிச்சப்படுத்தும். நோட்டு இல்லாதவர்கள் இன்றே ஒன்று வாங்கி, மாடு கடைசியாகக் கன்று ஈன்ற தேதியை முதல் வரியில் எழுதித் தொடங்கலாம்.